இலை பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

மரத்தில் இலை நிறம் மாறுவதைப் பார்க்க ஒரு மணித்தியாலம் கார் ஓட்டிப் போகவேண்டும் என்ற எண்ணத்தை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது என் மனைவியின் ஆங்கில வகுப்பு ரீச்சர். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதிக்குக் கிட்ட, ஒரு வீட்டின் பேஸ்மென்டில் இருந்தோம். எனக்குப் போத்தல் மூடி வார்க்கும் தொழிற்சாலையில் வேலை. ஒரு கிழமை பகல், மறு கிழமை இரவு. மகளுக்கு எட்டு வயது, ஊரில் பிறந்தவள். மகனுக்கு ஐந்து வயது, இங்கே பிறந்தவன்.

"ரீச்சர் எல்லாரையும் எழுப்பிக் கேட்டவ, இந்த வருசம் இலை பாக்கப் போனனீங்களோ எண்டு" என்றாள் மனைவி. "சீனாக்காரி போயிருக்கிறா. சோமாலியாக்காரி போயிருக்கிறா. நான் மட்டும்தான் இல்லை."

"வாசலிலை ஒரு மேப்பிள் மரம் நிக்குதுதானே. போய்ப் பாரும்."

"ஒரு மரம் காணாதாம். காட்டுக்குள்ள நடக்கவேணுமாம். ஹைக்கிங்."

காடு என்றதும் எனக்கு வேறு வேலைகள் நினைவுக்கு வந்தன. ஒரு ஞாயிறு ஓவர்டைம் கேட்டு வாங்கினேன். அடுத்த ஞாயிறு கார் பிரேக் சரியில்லை என்றேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது தடவை நான் வாய் திறக்க முதலே அவள் ரோல்ஸ் பொரித்து, ஃபிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி, பிள்ளைகளுக்குத் தொப்பியும் போட்டு வாசலில் நிறுத்திவிட்டாள். மகன் குதிகால் அடித்தால் சிவப்பு லைட் மின்னும் சப்பாத்துப் போட்டிருந்தான். அந்த வருசம் எல்லாப் பெடியளின் காலிலும் அதுதான். வாசல்படியில் நின்று குதித்துக் குதித்து லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி ஒன்றும் சொல்ல வழியில்லை.

வடக்கே ஓடினோம். மார்க்கம் வீடுகள் முடிந்து, சோளம் வெட்டின வயல்கள் தொடங்கின. வானம் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் ஈயச்சட்டி நிறத்திலும் இருந்தது. பின்சீற்றில் மகள் பள்ளிக்கூடத்தில் படித்ததைத் தம்பிக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். குளிர் வருகுதெண்டு மரத்துக்குத் தெரியுமாம். அதுக்குத்தான் இலையை விடுறதாம். அவன் நம்பவில்லை. மரத்துக்கு மூளையில்லை என்றான். என் மனைவி முன்சீற்றில் இருந்து கண்ணாடியில் மூக்கை வைத்தபடி, ஒவ்வொரு சிவப்பு மரத்துக்கும், "அங்க பாருங்கோ, அங்க பாருங்கோ" என்றாள். நான் வீதியைப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "ஏனப்பா அதைப் போட்டுத் தட்டிக்கொண்டு வாறியள்?" என்று அவள் கேட்ட பிறகுதான் கையை நிறுத்தினேன். கொஞ்சத்தில் கை மறுபடி தட்டத் தொடங்கியது.

பார்க்கிங் லொட் நிறைந்திருந்தது. நாய்களோடு வந்தவர்கள், முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள், ஊன்றுகோல் போல இரண்டு தடியோடு வந்த கிழவர்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டு காட்டுக்குள் போனார்கள், சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். இந்தச் சனம் தாங்களாக விரும்பிக் காட்டுக்குள் போகுதே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வேலைக்குப் போடுகிற தடித்த சப்பாத்து. மனைவிக்கு சல்வாருக்கு மேலே குளிர் ஜக்கெற். எங்களைப் பார்த்தும் சிலர் "லவ்லி டே" என்றார்கள். மனைவி வகுப்பில் பழகின குரலில் "யெஸ், வெரி லவ்லி" என்றாள். அவளுக்குப் பெரிய புளுகம், முகமெல்லாம் சிரிப்பு.

வடிவில்லை என்று சொல்லமாட்டேன். மஞ்சள் இலைகளுக்கூடாக வெயில் இறங்கும்போது பிள்ளைகளின் முகமெல்லாம் மஞ்சளாக இருந்தது. பாதையே தெரியாத அளவுக்கு இலை கொட்டிக் கிடந்தது. ஆனால் காய்ந்த இலையில் கால் வைத்தால் எவ்வளவு சத்தம் வரும்! நான்கு பேர் நடக்கும் சத்தம் ஒரு ஊர்வலம் போகிற மாதிரி எனக்குக் கேட்டது. என்னை அறியாமலே பாதையின் ஓரத்துக்குப் போனேன், ஈரமண் இருந்த பக்கமாக. அங்கே கால் வைத்தால் சத்தம் குறைவு. கொஞ்சத் தூரத்துக்கு ஒருக்கால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் மரங்கள்தான் நின்றன.

பிள்ளைகள் இலையைக் காலால் உதைத்தார்கள், அள்ளி எறிந்தார்கள். மகன் மரங்களைப் பார்த்து "ஹலோ" என்று கத்தினான். எங்கேயோ மேட்டில் பட்டு அது திரும்பி வந்தது. அவனுக்கு அதிசயம். இன்னும் உரத்துக் கத்தினான்.

"மெதுவா" என்றேன். "மெதுவாக் கதையுங்கோ."

"ஏன் அப்பா?"

"மெதுவாக் கதையுங்கோ எண்டு சொன்னனான்."

மனைவி திரும்பிப் பார்த்தாள். "ஏனப்பா பிள்ளையளை அதட்டுறியள்? இதென்ன லைப்ரரியே?"

"கெதியா நடவுங்கோ, மழை வரப்போகுது" என்றேன். மழைக்கான அறிகுறியும் இருந்ததுதான். காற்று எழும்பியிருந்தது. மேலே மரங்கள் ஒன்றோடொன்று உரசின. இலைகள் கூட்டமாக இறங்கின. ஆனால் நான் மழைக்காக அப்படிச் சொல்லவில்லை. எந்த இடத்திலும் நிற்க என் காலுக்கு விருப்பமில்லை. மனைவி ஒரு மரக்குற்றியில் இருந்து ரோல்ஸ் சாப்பிடுவோம் என்றாள். நான் நின்றபடி சாப்பிட்டேன். அவர்கள் சாப்பிட்டு முடிக்க முதலே ஃபிளாஸ்கை மூடிப் பைக்குள் வைத்தேன். மகள் பாதித் தேத்தண்ணியை இலைக்குள் ஊற்றிவிட்டு எழும்பினாள்.

ஒரு வளைவில் அந்த மனிதரைக் கண்டோம். மரத்தோடு மரமாக நின்றதால் கிட்டப் போகும்வரை தெரியவில்லை. பச்சையும் மண்ணிறமும் புள்ளி புள்ளியாகக் கலந்த ஜக்கெற், அதே நிறத்தில் தொப்பி. கண்ணில் தூரக்கண்ணாடி. எங்கள் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். விரலை உதட்டில் வைத்து, சத்தம் போடவேண்டாம் என்று சைகை காட்டினார். பிறகு மேலே ஒரு கொப்பைக் காட்டினார். அங்கே ஒரு ஆந்தை இருந்ததாக மனைவி பிறகு சொன்னாள். பிள்ளைகளும் கண்டார்களாம். நான் காணவில்லை. நான் அந்த விரலையும் அந்த ஜக்கெற்றையும்தான் பார்த்தேன். ஐப்பசிக் குளிரில் என் முதுகில் வேர்வை ஓடியது. மகனின் கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தேனோ, அவன் "அப்பா, நோகுது" என்றான்.

அந்த மனிதரைத் தாண்டி வந்த பிறகு பிள்ளைகளுக்கு முன்னால் குந்தினேன்.

"இப்ப ஒரு விளையாட்டு" என்றேன். "இஞ்சையிருந்து அந்தப் பாலம் மட்டும் ஒருத்தரும் கதைக்கக்கூடாது. மூச்! இருமக்கூடாது, சிரிக்கக்கூடாது. ஆர் முதல் வாய் திறக்கினமோ அவை தோத்தது."

முன்னால் ஓரிடத்தில் ஓடைக்கு மேலே ஒரு மரப்பாலம் இருப்பதை வழிகாட்டிப் பலகையில் பார்த்திருந்தேன்.

"வெண்டா என்ன தருவீங்கள்?" என்றான் மகன்.

"பெரிய பிறைஸ். அப்பா முடிஞ்சுதெண்டு சொன்னாத்தான் முடிஞ்சது. அது மட்டும் மூச்."

அவன் இரண்டு உதட்டையும் உள்ளுக்கு மடித்து, கண்ணைப் பெரிதாக்கித் தலையாட்டினான். மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆனால் அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

அதன்பிறகு காட்டில் எங்கள் சத்தம் இல்லை. என் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. நான் முன்னால் நடந்தேன், வேகமாக. எனக்குப் பின்னால் மனைவி, அவளுக்குப் பின்னால் பிள்ளைகள். பாதை ஒரு சரிவின் விளிம்போடு போனது. கீழே ஓடை. சரிவு முழுக்க முழங்காலளவு இலை. வெயில் போய்விட்டது. தூறலா பனியா என்று சொல்லமுடியாத ஒன்று, நுணுக்கமான குறுணியாக, இலைகளில் விழுந்து சரசரவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்குள் ஒரு காலடி குறைந்தது எனக்குக் கேட்கவில்லை.

"அப்பா" என்றாள் மகள்.

நான் திரும்பி, தோற்றுவிட்டாய் என்று சைகை காட்டிச் சிரித்தேன்.

"அப்பா, தம்பி எங்க?"

பாதையில் அவள் மட்டும் நின்றாள். அவளுக்குப் பின்னால் நாங்கள் வந்த வழி. அதில் ஒருவரும் இல்லை.

மனைவி பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். அவனுடைய பெயரைச் சொல்லிக் கத்தினாள். அந்தப் பெயர் அங்கே இருந்த எல்லா மரத்திலும் பட்டுத் திரும்பி வந்தது. நானும் ஓடினேன். வளைவு வரைக்கும் ஓடினேன். தூரக்கண்ணாடிக்காரர் அங்கே இல்லை. ஆந்தை நின்ற மரம் எது என்றும் தெரியவில்லை. திரும்பி ஓடி வந்தேன். சரிவில் இறங்கினேன், வழுக்கி விழுந்து எழும்பினேன். ஓடைத் தண்ணீரைப் பார்த்தேன். ஆழமில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எது ஆழம்? கல்லுகளுக்கு நடுவில் இலைகள் சுற்றிக்கொண்டு நின்றன. ஒரு சிவப்பு இலைக்கூட்டத்தை அவனுடைய தொப்பி என்று நினைத்து முழங்காலளவு தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன்.

"கூப்பிடுங்கோ!" என்று மேலே நின்று மனைவி கத்தினாள். "ஏன் பேசாம நிக்கிறியள்? கூப்பிடுங்கோவன்!"

கூப்பிடத்தான் நினைத்தேன். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. என் பிள்ளையைக் காணவில்லை, எனக்கு அவன் பெயரைச் சொல்ல முடியவில்லை. வெறும் காற்றுத்தான் வந்தது.

மகள் சரிவில் இருந்தபடி வழுக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். அழவில்லை. அவள் யோசிக்கும்போது புருவத்தைச் சுருக்குவாள். அப்படித்தான் வந்தாள்.

"அப்பா, அவன் கேம் விளையாடுறான்" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"அம்மா கூப்பிட்டா வரமாட்டான். வந்தா லூஸ் பண்ணீடுவன் எண்டு நினைக்கிறான். நீங்கதானே சொன்னீங்கள், அப்பா முடிஞ்சுதெண்டு சொன்னாத்தான் முடிஞ்சதெண்டு. நீங்க சொல்லுங்கோ."

தண்ணீருக்குள் நின்றபடியே மறுபடி வாயைத் திறந்தேன். முதலில் இருமல்தான் வந்தது. பிறகு என்னுடையது என்று எனக்கே தெரியாத ஒரு குரல், கரகரத்து, உடைந்து வந்தது.

"முடிஞ்சுது!"

"இன்னும் பலமா" என்றாள் மகள்.

"விளையாட்டு முடிஞ்சுது ராசா! அப்பா சொல்லுறன், முடிஞ்சுது! நீதான் வெண்டனீ!"

பாதைக்கும் ஓடைக்கும் நடுவில், சரிவின் பாதியில், ஒரு பழைய மரம் வேரோடு விழுந்து கிடந்தது. இரண்டு தடவை அதைத் தாண்டித்தான் நான் ஓடியிருந்தேன். அதன் அடியில் இலை அசைந்தது. சிவப்பு லைட் ஒன்று மின்னியது. பிறகு இலைக்குள்ளிருந்து அவன் எழும்பினான். தலையெல்லாம் இலை, கன்னத்தில் மண். கால் வழுக்கி உருண்டுபோய் அந்த மரத்தோடு நின்றிருக்கிறான். விழும்போது கூட வாய் திறக்கவில்லை. தாய் கத்துவதைக் கேட்டுக்கொண்டு, உதட்டை மடித்துக்கொண்டு, அங்கேயே படுத்திருந்திருக்கிறான்.

"நான் வின் பண்ணீட்டன்" என்றான். "அக்கா முதல் கதைச்சவ. எனக்குக் கேட்டது."

அவனைத் தூக்கி நெஞ்சோடு பிடித்தேன். அவன் திமிறினான். "பிறைஸ் என்ன?" என்றான். மேலே ஏறி வந்ததும் தாய் அவனை வாங்கி, முதுகில் ஒரு அடி போட்டு, பிறகு முகமெல்லாம் கொஞ்சினாள். வென்றவனுக்கு ஏன் அடி விழுந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை. ஓவென்று அழத் தொடங்கினான். அவன் நன்றாகச் சத்தம் போட்டு அழுதான். நான் தடுக்கவில்லை.

பாலம் வரைக்கும் போகவில்லை. வந்த வழியே திரும்பினோம். குறுணி மழை பலத்துவிட்டது. பார்க்கிங் லொட்டில் எங்கள் காரும் இன்னும் ஓரிரண்டும்தான் நின்றன. பிள்ளைகளை உள்ளே ஏற்றி, ஹீற்றரைப் போட்டு, மனைவி அவர்களின் ஈரச் சொக்ஸைக் கழற்றினாள். மிச்ச ரோல்ஸைக் கையில் கொடுத்தாள். நான் ஏறவில்லை. என் காலுறை, காற்சட்டை எல்லாம் நனைந்திருந்தன. குளிர் எலும்பில் பிடித்தது. ஆனாலும் உள்ளே ஏறி இருக்க முடியவில்லை. காரைச் சுற்றி நடந்தேன். ஒரு சுற்று முடிய இன்னொரு சுற்று. மகன் கண்ணாடியில் மூச்சு விட்டு, அதில் விரலால் படம் கீறி, நான் கடந்துபோகும் ஒவ்வொரு தடவையும் கை காட்டினான்.

மனைவி இறங்கி வந்தாள். நில்லுங்கோ என்று அவள் சொல்லவில்லை. எனக்குப் பக்கத்தில் அவளும் நடக்கத் தொடங்கினாள். இரண்டு பேரும் மழைக்குள் காரைச் சுற்றினோம்.

"ஏனப்பா அப்ப சத்தம் வரேல்லை?" என்றாள் கொஞ்சத்தில்.

"தெரியேல்லை."

"தெரியும். சொல்லுங்கோ."

நான் கனடாவுக்கு வந்த விதத்தை அவளுக்கு ஒரு வசனத்தில்தான் சொல்லியிருந்தேன். பிளேனிலை வந்தனான், இடையிலை கொஞ்சத் தூரம் நடந்தனாங்கள். அவளும் அதற்குமேல் கேட்டதில்லை. நான் புறப்பட்டபோது மகள் கைக்குழந்தை. அவர்களை இங்கே கூப்பிட்டு எடுக்கும்வரை எனக்கு வேறு நினைவு இல்லை. அவர்கள் வந்தபிறகு அந்த நடையைப் பற்றிக் கதைக்கத் தேவையும் இருக்கவில்லை.

நடந்துகொண்டே சொன்னேன். நின்றிருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

அந்தக் கொஞ்சத் தூரம் ஒரு எல்லைக் காடு. எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு என்றுகூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது. கூட்டிக்கொண்டு போனவனுக்கு எங்கள் மொழி தெரியாது. விரலை உதட்டில் வைத்துக் காட்டினான், அவ்வளவுதான். இதே மாதிரி இலை கொட்டுகிற காலம். காலை வைத்தால் சத்தம். தூரத்தில் நாய் குரைத்தது. எனக்கு முன்னால் ஒரு இளம் தாய், தோளில் ஒரு வயது வராத பிள்ளை. பிள்ளைக்குச் சளி. அது இருமத் தொடங்கியபோது முன்னால் போனவன் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் தன் உள்ளங்கையால் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். பொத்தியபடியே நடந்தாள். பிள்ளை தாயின் தோளுக்கு மேலால் என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தது. கண் மட்டும். கன நேரம் பார்த்தது. பிறகு தலை தாயின் தோளில் சரிந்தது. நித்திரை என்று நான் நினைத்தேன். வீதிக்கு வந்ததும் இரண்டு வான்கள் நின்றன. அவளை ஒன்றில் தள்ளி ஏற்றினார்கள், என்னை மற்றதில். கதவு சாத்தும் மட்டும் நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன், அந்தப் பிள்ளை ஒருக்கால் அழாதா என்று.

"அழுததோ?" என்றாள் மனைவி.

"எனக்குக் கேக்கேல்லை."

அவள் இன்னொரு சுற்று நடந்தாள்.

"எங்கட பிள்ளைக்கும் அப்ப அந்த வயசு" என்றாள்.

"ஓம்."

"நித்திரையாத்தான் இருக்கும்" என்று அவள் சொல்லவில்லை. சொல்லுவாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். சொல்லாதது பெரிய ஆறுதலாக இருந்தது. அதற்குப் பதிலாக அவள் கையை நீட்டினாள்.

"கார்த் திறப்பைத் தாங்கோ."

"என்னத்துக்கு?"

"உங்கட கையைப் பாருங்கோ."

பார்த்தேன். இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன. குளிரா மற்றதா, தெரியாது. அவளுக்கு அந்தக் கோடையில்தான் லைசென்ஸ் கிடைத்திருந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அஜின்கோர்ட் தமிழ்க்கடை, வகுப்பு. அவள் ஓடிய தூரம் அவ்வளவுதான். ஹைவேயில் ஒருநாளும் ஏறியதில்லை. ஒருக்கால் ஏறிப் பாரும் என்றாலே, "வேண்டாமப்பா, நான் உள்ரோட்டாலை போறன்" என்பாள்.

"மழையும் பெய்யுது. உமக்கு ஹைவே பழக்கமில்லை" என்றேன்.

"நீங்கள் அங்காலை இருங்கோ."

இருந்தேன். அந்தக் காரில் நான் ஓட்டாத சீற்றில் இருந்தது அதுதான் முதல் தடவை. முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது. அவள் சீற்றை முன்னுக்கு இழுத்து, கண்ணாடிகளைத் திருப்பி, வைப்பரை இரண்டு தடவை பிழையாகப் போட்டு, மூன்றாவதில் சரியாக்கினாள். வயல்களுக்கு நடுவில் மெதுவாகத்தான் ஓடினாள். ஹைவேயில் ஏறும் வளைவு வந்தபோது கழுத்தை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னாலை லொறி வருது" என்றேன். "அவனைப் போக விடும். பொறும். இப்ப. இப்ப ஏறும். இல்லை, பொறும்..."

"நீங்கள் பேசாம வாங்கோ!" என்று கத்தினாள்.

பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அவள் உள்ளே புகுந்துவிட்டாள். பின்னால் வந்த லொறி நீளமாக ஹோர்ன் அடித்தது. அவள் அசையவில்லை. வலப்பக்க லேனைப் பிடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டு ஓடினாள். எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். தாண்டும்போது தண்ணீரை அள்ளி எங்கள் கண்ணாடியில் அடித்தார்கள். என் வலக்கால் இல்லாத பிரேக்கை அமத்திக்கொண்டே வந்தது. கதவுப் பிடியை விடவில்லை. ஆனாலும் அரைவாசித் தூரத்துக்குப் பிறகு அவளுடைய தோள் கொஞ்சம் இறங்கியதைக் கண்டேன். ஓரிடத்தில், முன்னால் ஊர்ந்துகொண்டு போன ஒரு பழைய வானை, சிக்னல் போட்டு, திரும்பிப் பார்த்து, தாண்டினாள். தாண்டிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. ஆனால் நாடியைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொண்டாள்.

பின்சீற்றில் மகன் நித்திரையாகிவிட்டான். வாயைத் திறந்தபடி, மூக்கடைத்துக் குறட்டை விட்டான். நான் திரும்பித் திரும்பி அந்தக் குறட்டையைக் கேட்டேன்.

மார்க்கம் வீடுகள் வந்தன. மழை விட்டிருந்தது. ஸ்டீல்ஸுக்கு இறங்கவேண்டிய இடத்தின் பெரிய பச்சைப் பலகை தெரிந்தது.

"இதிலைதான் இறங்கவேணும்" என்றேன்.

அவள் சிக்னல் போடவில்லை. எக்ஸிட் எங்களுக்கு வலப்பக்கமாகப் பிரிந்து போனது. நாங்கள் நேரே போனோம்.

"விட்டிட்டீர்" என்றேன்.

"ஓம்."

"சரி, அடுத்தது ஃபிஞ்ச். அதிலை இறங்கித் திரும்பலாம்."

ஃபிஞ்சும் வந்தது. அவள் வலப்பக்கம் ஒருக்கால் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் பார்த்தாள். மிதியில் இருந்து காலை எடுக்கவில்லை; அவளுக்கு இன்னும் ஓட விருப்பம் போலிருந்தது. ஃபிஞ்சும் போனது.

மகள் எழும்பி, கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே பார்த்தாள். தெரிந்த கட்டிடம் ஒன்றும் இல்லை.

"அப்பா, நாங்க எங்க போறம்?"

"எனக்குத் தெரியேல்லை பிள்ளை" என்றேன். "அம்மாவைக் கேள்."